குலுக்கையம்மாவுக்கு அனுப்பிய சேலை

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததும் ஆறாம் நம்பர் ரூமில் கதை ஆரம்பித்துவிடும். 1977-ஆம் வருஷக் கோடையில், வளைகுடாவுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கும் அல் குசைஸ் கேம்ப்பை விட்டு வெளியே போக இடமும் கிடையாது, போனால் திரும்பி வரத் தெம்பும் கிடையாது. ஆகவே வாரத்துக்கு ஒருவர், அவரவர் ஊர்க் கதை. பலூச்சி டிரைவர் ஈசா, அடைக்கலம் வந்தவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று நின்ற இடத்திலேயே கல்லாகிப்போன மலைத் தலைவனின் கதையை இந்தியில் சொன்னான். கீழக்கரை கௌஸ் முகைதீன், நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு விடாத கடல் ஜின்னின் கதையைத் தன் முறை வந்த ஆறு வாரமும் இழுத்தான். கூடவே எல்லாருக்கும் மொழிபெயர்ப்பும் அவன்தான்.

சைட் ஆபீஸ் கிளார்க் சேதுராமன் கதை சொல்ல மாட்டார். அவருடைய வேலை கடிதம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல முதலில் நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு இலக்கம் போட்டு ஒழுங்குபடுத்துவார், நல்ல தாளில் எழுதுவார், ஒருமுறை வாசித்துக்காட்டுவார். மன்னார்குடிப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். பத்து வருஷமாக அதில் ஒரு படியைக்கூட அவர் தாண்டியதில்லை.

அன்றைக்குக் கௌஸ் திரும்பிய பக்கம் அழகுமலை உட்கார்ந்திருந்தார். கமுதிப் பக்கத்துக்காரர், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பென்டர், நாற்பத்தைந்து வயது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"அழகுமலைண்ணே, ஒன்றரை வருசமா ஓசியில கேட்டுக்கிட்டே இருக்கீக. இன்னைக்கு நீங்கதான்."

"எனக்குக் கதை தெரியாதுப்பா."

"சாமிகூடவா இல்லாம போச்சு உங்க ஊர்ல?"

அழகுமலை காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி இருக்கு. எங்க வீட்டுச் சாமி. குலுக்கையம்மா."

குலுக்கை என்றால் என்ன என்று ஈசா கேட்டான். தானியம் கொட்டி வைக்கிற ஆளுயர மண் கூண்டு என்று கௌஸ் கையை உயர்த்திக் காட்டினான். மேலே வாய் திறந்திருக்கும், தானியம் போட. அடியில் கை நுழைகிற அளவு ஒரு துளை, எடுக்க.

"ஏழு அண்ணன் தம்பி. ஒரே தங்கச்சி," என்றார் அழகுமலை. "அவ ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன்கூடப் பேசிட்டா. வேத்து ஆளு. அண்ணமாரு அடிக்கல, வையல. ஒனக்குக் கல்யாணம்னு சொன்னாக. கரையில்லாத செவப்புச் சேலை எடுத்தாந்தாக."

சேதுராமன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சேலையைப் பற்றி எங்கேயோ கேட்டது போலிருந்தது.

"எடது கைக்கு மட்டும் அஞ்சு கண்ணாடி வளவி. ஒருத்தரும் தலையில வைக்காத புதுச் சீப்பு."

அடுத்தது ஒரு படி பொரிகடலை என்று சேதுராமனுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை.

"ஒரு படி பொரிகடலை," என்றார் அழகுமலை. "எல்லாத்தையும் குடுத்துட்டு, தங்கச்சி, குலுக்கைக்குள்ள எறங்கி வெதை நெல்லை எடுத்துக்குடுன்னாக. எறங்குனா. மேல பலகையப் போட்டு மூடிட்டாக. கீழ ஓட்டை வழியா அவ கை வெளிய வந்துச்சு. வளவி போட்ட கை. மூத்தவன் அந்தக் கையில பொரிகடலைய வச்சான். கை உள்ள போயிருச்சு. அப்பறம் ஓட்டையில மொதக் கை மண்ணை அவன்தான் வச்சு அடைச்சான். மூத்தவன்தான் வைக்கணும். வேற ஆரு வச்சாலும் அது கொலை. மூத்தவன் வச்சா அவ சாமி."

கௌஸ் பாதியிலேயே மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். ஈசா அவன் முழங்கையைத் தட்டினான். கௌஸ் தணிந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னதும், ஈசா வாயில் வைத்திருந்த பீடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழகுமலையைப் பார்த்தான்.

"பழைய காலத்துக் கதைதானேண்ணே?" என்றான் கௌஸ்.

"மொத அம்மா பழைய காலம். ரெண்டாவது எங்க அப்பாவோட அத்தை. வீட்டுல ரெண்டு குலுக்கை கும்பிடுறோம்."

சேதுராமன் எழுந்து தன் ரூமுக்குப் போனார். பெட்டிக்கடியில் இருந்த நோட்டை எடுத்தார். திங்கட்கிழமைப் பக்கம். தம்பி சோலையப்பனுக்கு அழகுமலை எழுதச் சொன்னது.

1. நாகவள்ளிக்குக் கரை இல்லாத சிவப்புச் சேலை, இத்துடன் அனுப்பியுள்ளேன். 2. கண்ணாடி வளையல் ஐந்து, இடது கைக்கு. 3. புதுச் சீப்பு. 4. பொரிகடலை ஒரு படி. 5. மூன்றாவது குலுக்கையைக் காலி செய்து மெழுகி வைக்கவும். 6. வைகாசி கடைசிச் செவ்வாய்க்குள் முடிக்கவும்.

எல்லாம் அவருடைய கையெழுத்து. மகளுக்கு விசேஷமா என்று கேட்டதும், ஆமா சார் என்று அழகுமலை தலையைக் குனிந்ததும், வெட்கப்படுகிறார் என்று தான் நினைத்ததும் ஞாபகம் வந்தன. குலுக்கையைக் காலி செய்வது கல்யாண நெல் போட என்று அவராகவே முடிவு செய்திருந்தார். தேரா கடைத்தெருவில் சேலை எடுக்கக் கூடப் போனதும் அவர்தான். கரை வைத்ததாக எடுக்கலாமே என்றுகூடச் சொன்னார். லீவில் ஊருக்குப் போக, புதன்கிழமை பம்பாய் விமானம் ஏறிய கேம்ப்காரன் ரகுநாதன் கையில் கடிதமும் சேலையும் போய்விட்டன. நாளை மறுநாள் ஊரில் இருப்பான். செவ்வாய்க்கு நாலே நாள்.

சேதுராமன் திரும்பி வந்து நோட்டை அழகுமலையின் முன்னால் வைத்தார்.

"என்னய்யா இது?"

"நீங்க எழுதுனதுதான் சார். நம்பர் போட்டு."

"பெத்த பொண்ணுய்யா அவ."

"அதனாலதான் சார்." அழகுமலையின் குரல் உயரவே இல்லை. "தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை கொண்டாற லாரிக்காரப் பையன்கூடப் பேசுறாளாம். போன மாசம் வந்த ஆளுகிட்ட தம்பி சொல்லிவிட்டான். நீ சொன்னாலும் சொல்லாட்டியும் அவ உசுரு வைகாசி தாண்டாதுன்னு. கெணத்துல தள்ளிருவானுக சார். முறைப்படி எல்லாங் குடுத்து அனுப்புனா அவ சாமி. வருசா வருசம் படையல் உண்டு. இல்லேன்னா எம்புள்ள வெறும் பொணம். அதுக்குத்தான் சேலை வாங்குனேன்."

தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதன் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதுதான் சேதுராமனை அதிகமாக உலுக்கியது. தூரத்தில் இருக்கிற ஒரு தகப்பன், மகளுக்குத் தன்னால் முடிந்த நல்லதைச் செய்திருக்கிறான். அந்த நல்லதை அழகான எழுத்தில் எழுதிக்கொடுத்தவர் இவர்.

போலீசுக்குத் தந்தி கொடுக்கலாமா? நடக்காத குற்றத்துக்கு எந்த ஸ்டேஷன் வரும்? வந்தாலும் எத்தனை நாள் காவல் இருக்கும்? நோட்டை வெறித்துக்கொண்டே இருந்தவருக்கு, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்ட படிவத்தைக் கண்டுபிடிக்கிற கிளார்க் புத்தி சட்டென்று வேலை செய்தது.

"அழகுமலை, உங்க வீட்டுல மூத்தவன் யாரு?"

"நான்தான்."

"நீ இங்க இருக்க. அங்க மொதக் கை மண்ணை யாரு வைப்பா?"

மகளை அனுப்பி வைக்கிற அவசரத்தில் அழகுமலை இதை நினைத்தே பார்க்கவில்லை என்று முகம் சொன்னது.

"தம்பி வைப்பான்," என்றார் கடைசியில். "அது கொலையாகிப்போகுமே."

"அப்ப அதைச் சொல்லித் தந்தி குடு. இப்பவே."

ஈசாவுக்குக் கௌஸ் விளக்கி முடிப்பதற்குள் அவன் பிக்கப் சாவியோடு வாசலில் நின்றான். "யல்லா, பாய், ஜல்தி." தந்தி ஆபீசில் சேதுராமன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். நான் வரும்வரை குலுக்கையில் கை வைக்காதே. முதல் மண் மூத்தவன் கையால். அழகுமலை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே தபால் ஆபீஸ் லீவு என்பது திரும்பி வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை போய்ச் சேரவில்லை என்றால் திங்கள். திங்களும் தவறினால் அடுத்த நாள் செவ்வாய். அந்தச் செவ்வாயன்று அழகுமலை சைட்டில் ஆணி அடிக்கவில்லை. சுத்தியலைப் பிடித்துக்கொண்டு தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபோர்மேன் திட்டியது அவர் காதில் ஏறவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. காத்திருக்கிறோம். உடனே வரவும். சோலையப்பன்.

பெண் உயிரோடு இருக்கிறாள். தகப்பன் ஊருக்குப் போய்ச் சேர்கிற நாள் வரைக்கும். ஆவணியில் அழகுமலைக்கு லீவு. பாஸ்போர்ட் கஃபீலின் அலமாரியில், அலமாரிச் சாவி சேதுராமனிடம். கஃபீல் என்கிற, எல்லாருக்கும் விசா கொடுத்து வேலைக்கு எடுத்த அந்த அரபு முதலாளி, பேரீச்சம்பழக் கூடையோடு கேம்ப்புக்கு வந்து சாப்பிட்டாயிற்றா என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கிற கிழவர். லீவு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அவர் பெயரில் ஒரு பொய் சொல்வதென்று சேதுராமன் தீர்மானித்தார். இரண்டு மாதம் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தார்.

ஆவணி பிறந்ததும் அழகுமலை ஆபீசுக்கு வந்தார்.

"இந்த வருசம் கஃபீல்..." என்று ஆரம்பித்தார் சேதுராமன்.

"எனக்கு லீவு வேணாம் சார்."

சேதுராமனின் பேனா நின்றுவிட்டது.

"அடுத்த வருசமும் வேணாம்னு எழுதிக்கங்க. நான் போனா மண்ணை வைக்கணும். வச்சிருவேன் சார். அங்க எல்லாரும் சுத்தி நின்னா வச்சிருவேன். அதனால போகல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தம்பிக்குச் சமாதானம் சொல்லணும். கஃபீல் விடமாட்டேங்கிறாருன்னு எழுதுங்க. சும்மா எழுதுனா நம்ப மாட்டான். பலமா எழுதுங்க."

கடிதம் ஆறாம் நம்பர் ரூமில் தயாரானது. கஃபீல் ஏழடி உயரம் என்று ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட்டுகளை இரும்புப் பெட்டியில் பூட்டி மலைக் குகையில் வைத்திருக்கிறான் என்றான் ஈசா, அவன் ஊர்க் கதைகளில் புதையல்கள் அங்கேதான் இருக்கும். சாவியை மீன் விழுங்கிவிட்டது என்றான் கௌஸ்.

"மீனு வேணாம், சோலையப்பன் நம்ப மாட்டான்," என்றார் அழகுமலை.

"அப்ப சாவி கஃபீல் கழுத்துலண்ணே. தூங்குறப்பவும் கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குவான்."

"அது சரி. எழுதுங்க சார்."

"பாவம்யா, அந்த மனுஷன் நேத்துதான் தர்பூசணி குடுத்துட்டுப் போனார்," என்றார் சேதுராமன். ஆனால் எழுதினார். இலக்கம் போட்டு எழுதினார். ஒவ்வொரு கடிதத்திலும் கஃபீல் கொஞ்சம் வளர்ந்தான். அடுத்த வருஷம் லீவு கேட்ட ஒருவனை வெயிலில் கட்டிப்போட்டான். அதற்கடுத்த வருஷம் அவனுக்கு ஒரு கண்ணும் போயிற்று, ஈசாவின் யோசனைப்படி. சோலையப்பனிடமிருந்து பதில்கள் வந்தன. ஊர் கூடி அந்தப் பாவி நாசமாகப் போக வேண்டும் என்று சாமிக்கு மிளகாய் அரைத்துப் பூசியதாக ஒன்றில் இருந்தது.

1979 கார்த்திகையில் வந்த உறையில் எழுத்து வேறாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பிள்ளையின் உருண்டை எழுத்து. சேதுராமன் வழக்கம்போல் முதலில் மனசுக்குள் படித்தார். படித்ததும் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆரு சார்? தம்பியா?"

"நாகவள்ளி."

அழகுமலை கையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தார். "வாசிங்க."

"அன்புள்ள அப்பாவுக்கு. நான் சுகம். தீப்பெட்டி ஆபீசில் இப்போது கணக்குப்பிள்ளைக்கு உதவியாக இருக்கிறேன். சித்தப்பா உங்களை எதிர்பார்த்தபடி இருக்கிறார். சிவப்புச் சேலையை நானே பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன், எதற்கென்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் கஃபீலைச் சபிக்கிறார்கள். நான் மட்டும் செவ்வாய்க்கிழமைதோறும் அவர் பெயருக்கு ஒரு விளக்கு வைக்கிறேன். அவர் மனம் இளகிவிடக் கூடாது என்று கும்பிடுகிறேன்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான். கையெழுத்து."

அழகுமலை தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. கஃபீல் வந்திருக்கிறார் என்று கௌஸ் எட்டிப் பார்த்துச் சொன்னான். கூடையோடு உள்ளே வந்த கிழவரின் முன்னால் அழகுமலை போய் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.