கரடிப் பங்கு

நான் கரடி இறைச்சி தின்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் நான் சொன்ன பொய் ஒன்றும் வருகிறது. அதைக் கேட்டுவிட்டு, இந்த ஆனந்தராஜா சொன்னது முழுக்கப் புளுகு என்று நீங்கள் எழும்பிப் போய்விடக் கூடாது. தின்றது சத்தியமான உண்மை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, வட சுவீடனில் மரம் அரியும் ஆலையில் வேலை செய்த காலம். ஆலையில் வேலை செய்தவர்கள் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள், நானும் போனேன். இறைச்சியில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத் துண்டொன்றைப் பரிசோதனைக்கு அனுப்பி, இல்லை என்று பதில் வந்த பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டு மூன்று மணித்தியாலம் அவியவிட்டுப் பாணோடு தின்றோம். மாட்டிறைச்சியை விடக் கறுப்பு, கொஞ்சம் இனிப்பு. காட்டுப் பழத்தை மூக்குமுட்டத் தின்று கொழுத்த மிருகம் வேறெப்படி இருக்கும்?

பொய் எதுவென்றால், அந்தக் கரடியை நான் சுட்டேன் என்றது.

அதையும் நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. இரண்டாயிரத்து நாலில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து மிச்சம் என்கிற பகுதியில் குடியேறினோம். வந்த புதிதில் ஒரு பிறந்தநாள் விழா. ஒருவரையும் தெரியாது. சாப்பாட்டு மேசையில் ஆட்டிறைச்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் கரடியே தின்டனான்" என்றேன். பக்கத்தில் இருந்த தேவராசா அண்ணை சோற்றுக் கையை அந்தரத்தில் நிறுத்தினார்.

"கரடியோ! ஆர் சுட்டது?"

"நான்தான்."

வாய் சொல்லிவிட்டது. மூளையை ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு முழு மண்டபமும் என் கதிரையைச் சுற்றி வந்து நின்றது. சொன்னதை எப்படித் திரும்ப விழுங்குவது? அடுத்த விழாவிலும் கேட்டார்கள், சொன்னேன். நூற்றிருபது கிலோக் கரடி மெல்ல மெல்ல வளர்ந்து முந்நூறு கிலோவானது. சும்மா நின்ற கரடி பிற்பாடு பாயவும் தொடங்கியது. என் மனைவி இம்மாகுலேற்றும் சுவீடனில் என்னோடு இருந்தவள், அவளுக்கு உண்மை தெரியும். நான் கரடியைத் தொடங்கினால் அவள் குசினிக்குள் போய்விடுவாள். போகிற போக்கில், "உங்கட கரடி இந்த வருசம் என்ன நிறை?" என்று மட்டும் கேட்பாள்.

இனிப் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கராஜில் பதின்மூன்று குடும்பங்களுக்குப் பங்கு இறைச்சி போடுவோம். ஊரில் செய்ததுதான். ஒரு பண்ணையிலிருந்து, இறைச்சிக்கடைக்காரர் மூலம், இரண்டு முழு ஆடு உரித்து வரும். அதைப் பதின்மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். தொடை, விலா, எலும்பு, ஈரல், கொழுப்பு, எல்லாக் குவியலிலும் எல்லாம் இருக்க வேண்டும். நிறுப்பதில்லை, கண்மட்டம்தான். பங்கு போடுகிறவன் எல்லோரும் எடுத்தபின் கடைசியாக மிஞ்சுகிற குவியலை எடுக்க வேண்டும்.

இருபது வருடமாக அந்தக் கத்தி என் கையில். நான் பார்சல் வான் ஓட்டுகிறவன். கோயில் சபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ எனக்குக் கதிரை கிடையாது. ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது பதின்மூன்று குடும்பமும் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வருடம் முழுக்க நான் பார்த்திருந்தது அந்தக் காலைப்பொழுதைத்தான். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

அதைப் பறிக்கத்தான் வந்து சேர்ந்தார் ஞானேஸ்வரன். ஜெர்மனியில் இருபத்தைந்து வருடம் ரயில்வேயில் இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் மிச்சத்துக்கு வந்தவர். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. பங்கில் சேர்ந்த முதல் வருடமே, "ஏன் ஒரே ஆள் போடுறது? முறை வைச்சுப் போடவேணும், அதுதான் நியாயம்" என்றார். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒருவரும் அவர் பேச்சை எடுக்கவில்லை.

போன புரட்டாதியில் தேவராசா அண்ணையின் பேரனுக்குப் பிறந்தநாள். நான் கரடியை அவிழ்த்து விட்டேன். ஞானேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"என்ன துவக்கு?"

"பெரிய துவக்கு."

"எத்தினை மீற்றரிலை சுட்டனீர்?"

"கிட்ட."

"லைசென்ஸ் ஆர் தந்தது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உமக்கு என்னை நம்ப ஏலாட்டி விடும்!"

"உண்மையெண்டு காட்டும், அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கமாட்டன். பொய்யெண்டால் பங்குக் கத்தியை என்னட்டைத் தரவேணும். பொய் சொல்லுறவனை நம்பிப் பங்கைக் குடுக்கலாமோ?"

"சரி!" என்றேன். முட்டாள். அந்தக் காடு எங்கே, மிச்சம் எங்கே, சாட்சிக்கு யார் வரப்போகிறார்கள் என்ற துணிச்சல்.

மூன்று கிழமைக்குப் பிறகு இம்மாகுலேற் தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, குனில்லா வாறா. மகள் இஞ்சை லண்டனிலை நேர்ஸ் வேலையாம், அவவைப் பாக்க. எங்கட வீட்டுக்கும் வரச் சொல்லிப்போட்டன்."

"எப்ப?"

"தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை."

குனில்லா ஆலையில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அந்தக் கரடியைச் சுட்டதே அவர்தான்.

"பங்கு நாளிலையோ? உமக்கென்ன விசரே?"

"ஏன்? கரடி சுட்ட வீரர் ஒரு கிழவிக்குப் பயப்பிடுறியளோ?"

யோசித்தேன். ஒரு வழி இருந்தது. குனில்லா சுவீடிஷ் பேசுவார். எங்கள் கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் நானும் இம்மாகுலேற்றும்தான். இம்மாகுலேற் கேலி செய்வாளே தவிர, சபையில் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். குனில்லா என்ன சொன்னாலும் அதைத் தமிழில் சொல்லப்போகிறவன் நான். மூன்று நாள் வான் ஓட்டும்போது அந்த மொழிபெயர்ப்பை ஒத்திகை பார்த்தேன். 'ஆனந்தராஜாவைப் போல ஒரு வீரனை நான் கண்டதேயில்லை என்கிறா' என்பது வரைக்கும் வந்திருந்தது.

சனிக்கிழமை காலை கராஜில் மேசை போட்டு, தறப்பாள் விரித்து, கத்தியைத் தீட்டி வைத்தேன். எல்லோரும் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். ஞானேஸ்வரன் முன்வரிசையில், பக்கத்தில் அவர் மனைவி துசியந்தி. இம்மாகுலேற் ட்ராம் தரிப்பிடத்துக்குப் போய்க் குனில்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எழுபத்துநாலு வயது, சிவப்பு ஜக்கெற், பழைய உயரம் அப்படியே. என்னைக் கட்டிப்பிடித்தார். சுவீடன் ஆலையில் எனக்கு மேலே இருந்தவர் என்று இம்மாகுலேற் எல்லோருக்கும் சொன்னாள். பிறகு சனத்தைப் பார்த்து, எல்லோருக்கும் வணக்கம், உங்களைச் சந்தித்ததில் சந்தோசம் என்றார்.

இங்கிலிஷில் சொன்னார்! அதுவும் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இங்கிலிஷ். சுவீடனில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இங்கிலிஷ் தண்ணி பட்ட பாடு என்பதை நான் எப்படி மறந்தேன்? அந்த நாளில் என்னோடு அவர் சுவீடிஷ் மட்டும் பேசியது, நான் படிக்க வேண்டும் என்பதற்காக. மூன்று நாள் ஒத்திகையும் வீணாய்ப் போயிற்று.

ஞானேஸ்வரன் ஒரு நிமிசம் வீணாக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் குனில்லாவின் கையில் கொடுத்து, மரியாதையாகவே இங்கிலிஷில் கேட்டார்: அம்மா, தொண்ணூற்றெட்டில் அந்தக் கரடியைச் சுட்டது யார்?

குனில்லா என்னைப் பார்த்தார். என் முகம் பேயறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அது வந்து... வேட்டை என்றால் எல்லோரும் சேர்ந்து செய்வதுதானே" என்று தொடங்கினார். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துகொண்டு வந்தது. ஆலையில் ஒரு பலகையின் அளவைக்கூட மாற்றி எழுதாத மனுசி. இந்த வயதில், என் வீட்டுக் கராஜில் நின்று, எனக்காகப் பொய் சொல்லப் பழகுகிறார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"குனில்லாதான் சுட்டவ" என்றேன். "நான் இல்லை."



"அப்ப நீர் எங்கை நிண்டனீர்?" என்றார் தேவராசா அண்ணை.

"காருக்குள்ளை" என்று சொல்லிவிட்டு, குனில்லாவுக்காக எல்லாவற்றையும் இங்கிலிஷிலும் சொன்னேன்.

"நான்கு கதவையும் பூட்டிக்கொண்டு!" என்றார் குனில்லா. நான் இங்கிலிஷில் ஒப்புக்கொண்டதும் அவருக்கு மூச்சு வந்துவிட்டது. "என்னுடைய கார். நாய் குரைத்தது, நாற்பது மீற்றரில் கரடி வந்தது, சுட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். காருக்குள் இருக்கிறார், என் கோப்பிப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. கண்ணாடியில் தட்டினேன். கரடி செத்துவிட்டது, திற என்றேன். தலையை ஆட்டினார். இதற்கு அண்ணன் தம்பி இருந்தால் என்ன செய்வது என்று உள்ளேயிருந்து கேட்டார்."

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. தேவராசா அண்ணை விழாமல் பிறீசரைப் பிடித்துக்கொண்டார். துசியந்தி கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டார் குனில்லா. "இல்லையா? அதுதானே கதை! இறைச்சியை எங்கள் வேட்டைக் குழுத் தலைவர் ஏழு குவியலாகப் போட்டார். காரைவிட்டு இறங்கப் பயந்த இதே ஆள் வந்து பார்த்துவிட்டு, இது சரியில்லை என்றார். ஒன்றில் எலும்பு கூட, ஒன்றில் கொழுப்பே இல்லை என்று சண்டை. தலைவரின் கையிலிருந்து கத்தியைப் பறித்து, ஏழு குவியலையும் கலைத்துத் திரும்பவும் போட்டார். ஒருவருக்கும் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு இவர் லண்டன் வரும்வரை ஆறு வருடம், மரை, மான், எது விழுந்தாலும் பங்கு போட்டது இவர்தான்."

அது உண்மைதான். ஆனால் அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இறைச்சி பிரிப்பதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

ஞானேஸ்வரன் கையை நீட்டினார். "வாக்கு வாக்குத்தான்."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று சும்மாவா சொன்னார்கள். கத்தியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இருபது வருடம் பிடித்த பிடி. கை வெறுமையாகப் போனதும் எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஞானேஸ்வரன் மேசைக்குப் போய் ஆட்டுத் தொடையைப் புரட்டினார். ஒருவரும் பாத்திரத்தோடு கிட்டப் போகவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் துசியந்தி, "கத்தியை வாங்கினது சரி. அந்தத் தராசுக் கதையையும் சொல்லுங்கோவன்."

"சும்மா இரும்."

"நான் ஏன் சும்மா இருக்க? தேவராசா அண்ணை, வருசா வருசம் உங்கட பங்கைக் காரிலை கொண்டுவந்து தாறமெண்டு வாங்கிறவரெல்லே? நேரை உங்கட வீட்டை வாறேல்லை. எங்கட குசினித் தராசிலை உங்கடையையும் எங்கடையையும் வைச்சு நிறுத்துப்போட்டுத்தான் கொண்டுவாறவர்."

"அட கடவுளே! எவ்வளவு வித்தியாசம்?"

ஞானேஸ்வரன் ஆட்டைப் பார்த்துச் சொன்னார். "அறுபது கிராம்."

"ஆருக்குக் கூட?"

"எங்களுக்கு."

திரும்பவும் சிரிப்பு கிளம்பியது. ஞானேஸ்வரனுக்குச் சூடேறிவிட்டது. "நிறை சரியாயிருக்கலாம்! அதுக்காக இருபது வருசப் பொய்யை விடுறதோ? இந்த வாயை நம்பி எப்பிடிப் பங்கைக் குடுக்கிறது?"

எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் நகுலேஸ்வரி அக்கா. மூலையில் சில்வர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தவர், அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி ஞானேஸ்வரன், அவன் கரடி சுடேல்லை எண்டது எங்களுக்கு எப்பவோ தெரியும். உந்த இம்மாகுலேற் வந்த ரெண்டாம் வருசமே சொல்லிப்போட்டாள்."

நான் இம்மாகுலேற்றைப் பார்த்தேன். அவள் கராஜ் கூரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுகொண்டோ அக்கா இவ்வளவு காலமும் கேட்டனீங்கள்?" என்றேன்.

"பின்னை? நீ சொல்லுற வடிவுக்குக் கேட்டனாங்கள். பிள்ளையள் அதைக் கேட்டுக்கொண்டு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டுதுகள்." பிறகு ஞானேஸ்வரன் பக்கம் திரும்பினார். "உவன்ரை வாயை ஆர் தம்பி நம்பினது? கையைத்தானே நம்பினனாங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தேவராசா அண்ணை ஓம் என்று தலையாட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஆட்டினார்கள். ஞானேஸ்வரன் கத்தியைத் தறப்பாளில் துடைத்தார். பிறகு அலகைத் தன் பக்கம் வைத்து, பிடியை என் பக்கம் நீட்டினார்.

"பிடியும். எனக்கும் நேரம் போகுது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாட்டுச் சொல்ல அந்த மேசையில் ஒரு வெங்காயம்கூட இல்லை. நெஞ்சு நிறைந்துபோய், எல்லோர் முன்னாலும் அழுதபடி, ஈரலைப் பதின்மூன்றாக வெட்டினேன்.