மூடாக்குக்கு வந்த திருடர்

விவசாயி ஒருவர் மக்காச்சோளக் கதிர் ஒடித்து முடிந்ததும் தட்டையை அறுத்துப் பசுவுக்குப் போடுவார். பிறகு வயலை உழுது வைப்பார். வருடாவருடம் அதுதான் அவர் வழக்கம். இந்த முறை மனைவி குறுக்கே நின்றாள்.

"உழவே வேண்டாங்க. தட்டை நிலத்தைப் போர்த்தி மூடாக்கா கிடக்கட்டும். போன மழையில மேல்மண்ணு பூரா வாய்க்காலோட போச்சே, பார்த்தீங்கல்ல?"

"அப்ப மாடு எதைத் தின்னும்? உன் பேச்சையா?"

"வரப்போரத்துத் தட்டை மாட்டுக்கு. மத்ததுல கை வைக்கக் கூடாது."

தலையாட்டினார். பக்கத்து வயல்காரர், "என்ன மாப்ளே, வயலைக் கூட்டிப் பெருக்க ஆள் கிடைக்கலையா?" என்று சிரித்தார். அதையும் பொறுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மூடாக்கு அங்கங்கே வழுக்கை விழத் தொடங்கியது. யாரோ ஆட்டை விட்டு மேய்க்கிறார்கள் என்று எண்ணி, விடியும் முன்னே அவள் வயலுக்குப் போனாள். எதிரே ஒரு தட்டைக்கட்டு நடந்து வந்தது. கட்டுக்குக் கீழே தெரிந்த கால்கள் அவள் நன்கு அறிந்த கால்கள்.

"ஆடு ரெண்டு கால்ல நடக்குதே!"

அவர் கட்டைத் தொப்பென்று போட்டார். "சினை மாடு. வெறுந்தொட்டியை நக்கிட்டு என்னையே பார்க்குது. எனக்குச் சோறு இறங்கல."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ மனசு இளகி எடுத்துக்கச் சொல்லிடுவே. உன் வயல் பாழாயிடுமேன்னுதான்..."

"திருடினா மட்டும் பாழாகாதா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் கட்டின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள்.

மாட்டுக்கும் மண்ணுக்கும் சண்டை வராத வழியை அவள்தான் யோசித்தாள். உழாமலே, அவர் கழியால் குழி குத்த, அவள் மக்காச்சோளம் போட்டாள். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் வரிசைக்கு நடுவே காராமணி ஊன்றினார்கள். அது படர்ந்து வழுக்கையை எல்லாம் மூடியது. காய் சமையலுக்கு, அளவாக அறுத்த கொடி பசுவுக்கு.

ஒரு மாலை மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்து வயலிலிருந்து தண்ணீர் செம்மண் குழம்பாக ஓடியது. இவர்கள் வயல் பெரும்பகுதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. மிஞ்சியது தெளிவாக வடிந்தது. அவர் மூடாக்கை விலக்கிக் கைவிட்டுப் பார்த்தார். மண் சில்லென்றும் பொலபொலவென்றும் இருந்தது. ஒரு மண்புழு விரலில் நெளிந்தது.

பக்கத்து வயல்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "மாப்ளே, அந்தக் காராமணி விதை கொஞ்சம் கிடைக்குமா?"

"விதை இருக்கட்டும், முதல்ல நிலத்தை மூடணும் தெரியுமா?" என்று அவர் தொடங்கினார். தட்டை, குழி, கொடி என்று எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினார்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஓர் இடத்தில் அவர் தப்பாகச் சொன்னபோது மட்டும் இருமினாள். அவர் உடனே திருத்திக்கொண்டார்.