தண்டச்சோற்றுக் கதவு

என் வீட்டுக்காரர் தச்சர். ஒரு பொருள் ஒரே ஒரு வேலையைச் செய்துகொண்டு சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. எங்களுக்கு இருப்பது ஒற்றை அறை. அதில் நாற்காலியைக் கவிழ்த்தால் ஏணி, அலமாரியை இழுத்தால் தையல் மெஷின். எல்லாவற்றுக்கும் ராஜா கட்டில்தான். அதன் இரண்டு பக்கமும், மெத்தையைவிட ஒரு முழம் உயரமாகச் சாமான் பெட்டிகள். காலையில் அதைச் சுவரோடு தூக்கி நிறுத்தினால் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு மேசை இறங்கும். அதில்தான் நான் துணி வெட்டுவேன். ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பது என் பிழைப்பு.

"இந்த வீட்டுல தண்டச்சோறு ஒருத்தன்தான்" என்று வாசல் கதவைக் காட்டிச் சிரிப்பார். "திறக்கறான், மூடறான். வேற ஒண்ணும் தெரியாது."

கட்டிட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி போய்விட்டது. அதன்பிறகு கட்டில் இறங்கியது இறங்கியதுதான். கட்டில் கீழே இருந்தால் மேசை கிடையாது. தரையில் உட்கார்ந்து வெட்டவும் இடமில்லை, ஒருக்களித்துத்தான் நடக்கவேண்டும். எல்லாவற்றையும் யோசித்த மகாபுத்திசாலி, எழுந்திருக்கவே முடியாத ஒரு மனிதனை மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

துணி வெட்டாமல் கட்டுக்கட்டாகக் கிடந்தது. நாளைக்குள் கோட்டு வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எனக்குத் துணி கொடுக்கும் கடைக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று காலையில் கொழுந்தன் வந்தார்.

"உங்க வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க அண்ணி? ஒரு இல்லம் இருக்கு. அண்ணனை நல்லா பார்த்துப்பாங்க. சாயங்காலம் வண்டியோட வரேன்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அலமாரித் தட்டு ஒண்ணைக் கழட்டி என் கால்மேல போடு. அதுல வெட்டு."

"வலிக்குமேங்க."

"யாருக்கு?" என்றார்.

போட்டேன். அவர் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க, நான் அழுத்தி வெட்டினேன். "பார்த்தியா, எனக்கும் ரெண்டாவது வேலை கிடைச்சிடுச்சு" என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மதியம், வெள்ளைத் துணியின் ஓரத்தில் சிவப்பாகக் கறை. முதலில் என் விரலைப் பார்த்தேன். வெட்டு இல்லை. பலகையைத் தூக்கினேன். அடியில் நீட்டிக்கொண்டிருந்த திருகாணி அவர் தொடையைக் கிழித்திருந்தது. போர்வையைச் சுருட்டி அதன்மேல் அமுக்கி மறைத்து வைத்திருந்தார்.

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ வெட்டறதை நிறுத்திடுவ. நிறுத்தினா அவன் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்." என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "என்னை அனுப்பிடாதம்மா."

காயத்தைக் கட்டிக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். இனி அந்தப் பலகை அவர்மேல் ஏறாது. கட்டிலின் இரண்டு பக்கப் பெட்டிகள்மேலும் வைக்கலாமென்றால் இதற்கும் அதற்கும் எட்டுகிற பலகை வீட்டில் இல்லை. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் ஏற்கெனவே இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் என் கண் கதவில் போய் நின்றது. அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"கீல்ல இருக்கற கம்பியைக் கீழேர்ந்து மேல தட்டு" என்றார். "கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கோ. இல்லன்னா உன்மேல சாயும்."

எப்படித் தூக்கினேனோ, கடவுளுக்கே வெளிச்சம். கதவு இரண்டு பெட்டிகள்மேலும் சரியாக உட்கார்ந்தது. அவர் காலுக்கு மேலே, காலைத் தொடாமல்.

வாசலில் ஒரு சேலையைக் கட்டினேன். காற்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. மாடிப்படி எங்கள் வாசலை ஒட்டித்தான் போகிறது. இறங்கி வந்த மேல்வீட்டுக்காரி கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குளிக்கும்போதுகூட என்னைத் திரும்பி நிற்கச் சொல்லும் மனிதர் அவர். மானம் போகிறதே என்று நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கத்தரிக்கோலை நான் நிறுத்தவில்லை.

பொழுது சாயும்போது கொழுந்தன் வந்தார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர், தட்ட ஒன்றுமில்லாமல் அப்படியே நின்றார்.

"அண்ணி, கதவு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், கதவுக்குக் கீழே காலை நீட்டிக் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"அதுக்கு வேலை இருக்குடா" என்றார். "நீ வண்டியைத் திருப்பு."