நாலு நூல்

முந்தின நாள் தோண்டி ஊறப்போட்ட குழிக்குள் தோள்வரை கையை விட்டு, சரிந்திருந்த சேற்றை வழித்தெடுத்தார் குழி தோண்டுபவர். அடியில் இரண்டு கை ஜல்லியைப் போட்டுவிட்டுக் குடத்திலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றினார். மண்ணைச் சோதிக்க வந்த அதிகாரி, குழியின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து அளவுகோலைத் தொங்கவிட்டார்.

“அரை மணிக்கு நாலு நூலாவது இறங்கணும். அதாவது அரை அங்குலம். கடைசி அளவுதான் கணக்கு. இறங்கலேன்னா இங்க செப்டிக் டேங்க் போட முடியாது.”

“போட முடியலேன்னா, சார்?” என்றாள் அந்த மனையை வாங்கியிருந்தவள்.

“வீடு கட்ட அனுமதி கிடைக்காதும்மா.”

அவள் உடுப்புத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். கணவன் கிடங்கில் மூட்டை இறக்குபவன். இப்போது குடியிருக்கும் இடத்தில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. வரிசையில் நிற்கக் கூசி, அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள் பள்ளி விட்டு வந்தபின் தண்ணீரே குடிப்பதில்லை. போன மாதம் சிறுநீரில் கிருமி சேர்ந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

முதல் அரை மணியில் மூன்று நூல் இறங்கியது. அதிகாரி மறுபடி ஊற்றச் சொன்னார். அடுத்த அரை மணியில் இரண்டு.

“மூட்டை இறக்குறவன் மனையில தண்ணி இறங்க மாட்டேங்குதே,” என்றான் கணவன். அவனே சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை ஊற்றியபோது அதிகாரிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே கார்வரை நடந்தார். அவள் குழியருகே குந்தியிருந்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கார் பக்கம் ஒரு முறை பார்த்தாள். வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் குழிக்குள் முக்கி, முதுகுக்குப் பின்னால் தரையில் பிழிந்தாள்.

“ஏய், வேணாம்,” என்றான் கணவன், உதடு மட்டும் அசைய.

அவள் மறுபடி முக்கினாள். அவசரத்தில் கை சட்டத்தில் இடித்தது. குழி தோண்டுபவர் பார்த்தார். பார்த்துவிட்டு, துடைத்து வைத்த மண்வெட்டியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அதிகாரி திரும்புவதற்குள் அவள் துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள். அவர் வந்து அளந்தார். ஆறு நூல். அளவுகோலைப் பார்த்தார், பிறகு அவள் தலைத்துணியைப் பார்த்தார். அதிலிருந்து கழுத்துக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை ஊத்துங்க,” என்றார். இந்தத் தடவை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஒரு நூல்.

“சார், எம்பொண்ணுக்காகத்தான்...” என்றாள் அவள்.

“இறங்குதுன்னு எழுதிடலாம்மா. மழை பிடிச்சா அத்தனையும் மேல வந்து உங்க வாசல்லதான் நிக்கும். உங்க பொண்ணுதான் அதை மிதிச்சு நடக்கும்.”

குழி தோண்டுபவர் தொண்டையைச் செருமினார்.

“சார், இது அடிமண்ணு. இதுக்கு மேல ரெண்டரை அடிக்கு நல்ல பொலபொலன்னு மண்ணு இருந்துச்சு. மனை பிரிக்கறதுக்கு முந்தி, வித்தவர் சொல்லி நாங்கதான் வழிச்சு லாரியில ஏத்தினோம். இந்த வரிசை முழுக்க.”

“நேத்தே ஏண்ணே சொல்லலை?” என்றாள் அவள்.

“மண்வெட்டி பட்டதுமே தெரிஞ்சுபோச்சு தங்கச்சி. ஒருவேளை இறங்கினாலும் இறங்கும்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“இதை எழுதுங்க சார். இவர் சொன்னதை அப்படியே எழுதுங்க,” என்றான் கணவன்.

அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். “இருக்கிற மண்ணை எழுதத்தான் இதுல இடம் இருக்கு. இருந்த மண்ணை எழுத இடமில்லை.”

‘தகுதியற்றது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். கார் போனது. குழி தோண்டுபவர் குடத்தைச் சைக்கிளில் கட்டினார்.

“அந்த மண்ணை எங்கண்ணே கொட்டுனீங்க?” என்றாள் அவள்.

அவர் மேட்டுப் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டினார்.

பஸ்ஸுக்கு அந்த மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மதியச் சங்குக்குள் தொழிற்சாலைக்குள் நுழையாவிட்டால் முழுநாள் சம்பளம் போய்விடும். இருவரும் வேகமாக ஏறினார்கள். மேலே புது வீடுகள் வரிசையாக நின்றன. முதல் வீட்டின் கம்பி வேலிக்குப் பின்னால் தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் புல்லில் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கணவனும் நின்றான். குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. எங்கும் தேங்கவில்லை.