கம்பத்தின் பின்பக்கம்

நான் கடிகாரம் திருடியது விற்பதற்காக அல்ல; உள்ளே என்ன சுற்றுகிறது என்று திறந்து பார்ப்பதற்காக. பிரிஸ்டல் நீதிபதி அதை நம்பவில்லை. ஏழு வருடம், வான் டீமன்ஸ் லேண்ட் என்ற கைதித் தீவு. அப்போது எனக்குப் பதினைந்து வயது. நாலு வருடம் கறுப்புப் புள்ளி விழாமல் ஓட்டினால் விடுப்புச் சீட்டு கிடைக்கும். சீட்டு இருந்தால் தீவுக்குள் கூலிக்கு உழைத்துப் பிழைக்கலாம். அந்தத் திங்கட்கிழமை, எனக்குச் சீட்டு வர ஒன்பது நாள்தான் பாக்கி.

குன்றின் மேல் சைகைக் கம்பத்தில் எனக்கு வேலை. கம்பத்தில் மூன்று அடுக்காக மரக்கைகள். மேலடுக்கு நூறு, நடு அடுக்கு பத்து, கீழடுக்கு ஒன்று. வலக்கையை உயர்த்தினால் 1, நீட்டினால் 2, தாழ்த்தினால் 3. இடக்கை அதே வரிசையில் 4, 5, 6. இரண்டு கையும் சேர்ந்தால் 7, 8, 9. இவ்வளவுதான். சிறையில் இழுக்கும் எண் எங்கள் குன்றுக்கு வரும். நான் இழுப்பது ‘கழுத்து’க்குப் போகும். கழுத்து என்பது சிறை இருக்கும் நிலத்தைத் தீவின் மற்ற பகுதியோடு இணைக்கும், நூறு தப்படி அகலமுள்ள மணல் பட்டை. குறுக்கே வரிசையாக நாய்கள், நாய்களுக்குப் பின்னால் சிப்பாய்கள். தப்பிப் போக வேறு வழி கிடையாது.

கயிறு இழுப்பவன் எண் போய்ச் சேரவேண்டிய பக்கத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் அவனுடைய வலம் பார்ப்பவனுக்கும் வலம். பின்பக்கத்திலிருந்து, அதாவது இழுப்பவன் முகம் தெரியும் பக்கத்திலிருந்து, பார்த்தால் எல்லாம் புரண்டு தெரியும். கழுத்துக் கம்பம் அதற்கப்பால் உள்ள குன்றுக்குப் பேசுவதால், அதன் பின்பக்கம்தான் எங்களுக்கு எப்போதும் தெரியும்.

முந்தின நாள் தேவாலயத்தில் சைலஸ் கார்வி என் பக்கத்தில் உட்கார்ந்தான். நாங்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள். நான் காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் தன் தண்ணீரில் பாதியை எனக்குக் கொடுத்தவன். சிறையில் செருப்பு தைப்பவன். கழுத்துச் சிப்பாய்களின் பூட்ஸைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதிச் சீட்டு வைத்திருந்தான்.

“நாளைக்குப் போறேன்டா ஏபெல்,” என்றான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. “பூட்ஸ் மூட்டையோட போனா நாயே என்னைப் பாத்து வாலாட்டும். உன் கம்பம்தான் பயம். என் நம்பர் வந்தா கொஞ்சம் மெதுவா இழு. அரை மணி நேரம் போதும்.”

“கயிறு சிக்கிக்கும்,” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சிறைக் கம்பம் அசைந்தது. தொலைநோக்கி கார்ப்பரல் ஹட்சினிடம். குன்றுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது; எண்களை மட்டும் கற்றிருந்தார்.

“ஏழு, எட்டு, ஒன்பது,” என்றார்.

அந்த எண்ணுக்கு அர்த்தம், ஒருவன் ஓடிவிட்டான். சைலஸ்தான். கயிற்றை எந்த இடத்தில் சிக்கவைப்பது என்று கண் தேடியது.

“ஒண்ணு, நாலு, ஏழு.”

147 நான்.

கார்ப்பரல் தொலைநோக்கியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏண்டா, நீ ஓடிட்டியாம். சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“நான் இங்கதான நிக்கிறேன், ஐயா?”

“எனக்குத் தெரியுது. கம்பத்துக்குத் தெரியலையே. வந்ததை அப்படியே அனுப்பணும், அதான் சட்டம். இழு.”

இழுத்தால் மதியத்துக்குள் ஹோபார்ட் நகரத்துப் பேரேட்டில் என் பெயருக்கு நேரே ‘ஓடியவன்’ என்று ஏறிவிடும். அதை நீக்க ஆறு மாதம் மனுப் போட வேண்டும். சீட்டு போயிற்று. இழுக்காவிட்டால் ஐம்பது கசையடி. அப்போதும் சீட்டு போயிற்று.

“மறுபடி போடச் சொல்லுங்க ஐயா.”

கேட்டோம். மறுபடியும் அதே எண் வந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்டா? என் முதுகுத் தோலையும் உரிக்கப் பாக்குறியா?”

“கண்ணாடியைக் குடுங்க ஐயா, ஒரே ஒரு தடவை.”

என்ன நினைத்தாரோ, கொடுத்தார். சிறைக் கம்பத்தடியில் புது ஆள். அவன் முகம் தெரிந்தது. முகம் தெரியக் கூடாது. முதுகுதான் தெரிய வேண்டும்.

“திரும்பி நிக்கிறான்!” என்று கத்திவிட்டேன். “நம்மளைப் பாத்துக்கிட்டு இழுக்கிறான் ஐயா. அவனுக்கு வலது நமக்கு இடது. ஒண்ணு நாலாத் தெரியும், நாலு ஒண்ணாத் தெரியும். ரெண்டு கையும் தூக்கினா எந்தப் பக்கம் பாத்தாலும் ஏழுதான். எட்டும் ஒன்பதும் அப்படித்தான். அதனாலதான் முதல்ல வந்த ஏழு, எட்டு, ஒன்பது கெடாம வந்துது. நீங்க வேணா கழுத்துக் கம்பத்தைப் பாருங்க, தினமும் நமக்கு அப்படித்தானே தெரியுது.”

சுள்ளியால் மண்ணில் கம்பத்தையும் கைகளையும் வரைந்து, பக்கம் மாற்றிக் காட்டினேன். பூட்டு திறந்துகொண்ட மாதிரி மனம் லேசாகிவிட்டது. கார்ப்பரல் குனிந்து பார்த்து, தன் இரண்டு கைகளையும் தூக்கி, என் எதிரே ஒருமுறை திரும்பி நின்றார். “அட ஆமாம். அப்ப நிஜ நம்பர் என்ன?”

“நாலு, ஒண்ணு, ஏழு,” என்றேன்.

வாய் மூடிய பிறகுதான் உறைத்தது. அந்த எண்ணைச் சொல்லி நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அவன் சைலஸ்தான்.

“417. செருப்புக்காரன்,” என்றார் கார்ப்பரல். “காலையில இந்தப் பாதையில மூட்டையோட போனானே. இழு, சீக்கிரம்.”

“கயிறு சிக்கியிருக்கு ஐயா.”

அவர் எட்டி ஒரு உதறு உதறினார். கயிறு சுலபமாக ஓடியது.

கழுத்தைப் பார்த்துத் திரும்பி நின்று இழுத்தால் 147 போகும். பாதம் அரைத் திருப்பம் திரும்பியது.

“முதுகுடா,” என்றார் கார்ப்பரல். “இப்பத்தான சொல்லிக் குடுத்தே.”

முதுகைக் காட்டி நின்றேன். மேலடுக்கில் இடக்கை. நடுவில் வலக்கை. கீழே இரண்டும்.

“நல்லாப் புரியுற மாதிரி சொல்றடா நீ,” என்றார் பின்னாலிருந்து, தொலைநோக்கியைக் கழுத்துப் பக்கம் திருப்பியபடி. “ம், வாங்கிட்டான். அடுத்த குன்றுக்கும் அனுப்புறான்.”

நாய்கள் குரைப்பது காற்றில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கழுத்துக் கம்பத்தில் கைகள் உயர்ந்து நின்றன. பின்பக்கத்திலிருந்து பார்க்க, ஒன்று, நாலு, ஏழு.

“சரியாத்தான் போட்டிருக்கான்,” என்றார் கார்ப்பரல்.