கிழக்குப் பன்னிரண்டு, கம்பம் எண்பத்தெட்டு

நம்ம ஆட்கள் எல்லாரும் அவரைப் பண்டிதர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை. பிழைக்க வந்த இரண்டாம் வருஷம், குடியிருப்பு அட்டை புதுப்பிக்கிற ஆபீஸ் கவுன்டரில் நின்று, அந்த ஊர் பாஷையில் கடகடவென்று மூன்று வாக்கியம் பேசினார். கவுன்டரில் இருந்த பெண்ணும் டக்கென்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற நம்ம ஆட்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். அந்த மூன்று வாக்கியம் என்ன தெரியுமா? "லிப்ட் கீழே வந்துவிட்டது. கதவு நன்றாக மூடுகிறது. இங்கே கையெழுத்துப் போடுங்கள்." லிப்ட் மெக்கானிக்குக்கு வேறென்ன தெரியும்! அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் குத்தினாள். அது நம்ம ஆட்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அன்று ஒட்டிய பட்டத்தை அவரும் உரித்துப்போடவில்லை. யாராவது "பண்டிதரே, பேங்க்ல இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு, என்னன்னு பாருங்க" என்று நீட்டினால், மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சும்மா விளம்பரம்பா, தூக்கிப் போடு" என்பார். எல்லாக் கடிதமும் அவருக்கு விளம்பரம்தான்.

ஏழு வருஷத்தில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் மிஞ்சிப்போனால் அறுபது இருக்கும். மேலே, கீழே, நில்லு, கம்பி, கிரீஸ், நாளைக்கு வரேன். அதில் மணிமணியாக வருவது ஒன்று, 'சரி'. யார் என்ன கேட்டாலும் "சரி, சரி" என்று தலையாட்டுவார். திரும்பக் கேட்டால் தெரியவில்லை என்று ஆகிவிடும் இல்லையா? பண்டிதரால் அது முடியுமா? வேலையில் இது யாருக்கும் தெரியாமலே ஓடிவிட்டது. காலையில் போன் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். புள்ளியைப் பிடித்து வேனை ஓட்டினால் லிப்ட். லிப்ட்டோடு பாஷை பேச வேண்டியதில்லை.

அந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஊருக்கு நடுவில் ஒரு கால்வாய். கால்வாயிலிருந்து இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ரோடுகள் போகும். அந்தப் பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று என்றேதான் போகும். கிழக்கிலும் ஒரு பன்னிரண்டாம் ரோடு, மேற்கிலும் ஒரு பன்னிரண்டாம் ரோடு. அவசரம் ஆத்திரம் என்றால் ஊர்க்காரர்கள் வீட்டு நம்பரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், விளக்குக் கம்பத்தின் நம்பரைத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன மஞ்சள் தகடு இருக்கும்.

நம்ம ஆட்களோ அந்த நம்பரையெல்லாம் சட்டையே செய்ததில்லை. தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். மாவு மில் ரோடு, வழுக்கை டாக்டர் ரோடு, நாய் துரத்துற ரோடு. பண்டிதர் குடியிருந்த கிழக்குப் பன்னிரண்டுக்குப் பெயர் தண்ணித்தொட்டி ரோடு. தொட்டியை இடித்து மூன்று வருஷமாகிறது. நேற்று வந்து இறங்கியவனுக்கும் அது தண்ணித்தொட்டி ரோடுதான்! இந்தப் பெயர்களில் பாதி பண்டிதர் வைத்தவை. அதில் ஒரு பெருமை வேறு.

போன வருஷம் மனைவி வந்து சேர்ந்தாள். வந்த ஒரு மாதத்திலேயே கேட்டாள்.

"ஏங்க, நூலகத்துல காலைல இலவசமா பாஷை சொல்லித் தர்றாங்களாமே. எதிர் வீட்டு அக்கா போறாங்களாம். நானும் போகட்டுமா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? நான்தான் இருக்கேன்ல" என்றார் பண்டிதர். "உனக்கு என்ன வேணுமோ என்கிட்ட சொல்லு, நான் பேசிக்கிறேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளே இருந்தது வேறு. இவள் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்கிற பயம்தான். வேறு ஒரு காரணமும் இல்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் உண்டானாள், பேச்சு குழந்தை பக்கம் திரும்பிவிட்டது.

எட்டாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் கை நிறைய கிரீஸோடு உட்கார்ந்திருந்தார் பண்டிதர். போன் அடித்தது.

"ஏங்க… ரத்தமா போகுதுங்க. நிக்க முடியல. ஆம்புலன்ஸ் சொல்றீங்களா?"

"நீ அசையாத, அப்படியே படு. இதோ சொல்றேன், இப்பவே சொல்றேன்."

அவசர நம்பரை அழுத்தினார். ஒரு பெண் குரல் எடுத்தது. மனைவி, குழந்தை, ரத்தம் என்று தெரிந்ததைச் சேர்த்துச் சொன்னார். ரோடு பன்னிரண்டு, கதவு நாற்பது என்றார். அந்தக் குரல் ஏதோ கேட்டது. "சரி" என்றார். மறுபடி கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி. "சரி, சரி" என்றார். மூன்றாம் தடவை ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிக் கேட்டது. அதற்கும் "சரி" என்றார். பாவி மனுஷன், ஒரே ஒரு தடவை 'தெரியல' என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

வேனை எடுத்துக்கொண்டு பறந்தார். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நடுவில் வேறொரு எண்ணிலிருந்து போன். ஒரு ஆண் குரல், பின்னால் சைரன் சத்தம், படபடவென்று ஏதோ கேட்டது. "சரி, வாங்க, வாங்க" என்றார். குரல் கோபமாக என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வண்டி எங்கே நிற்கிறது? எந்தப் பன்னிரண்டு? தொட்டி ரோடு என்று சொன்னால் அவனுக்குப் புரியுமா? மனைவியைக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

வீட்டை நெருங்குகிறபோது அவளே கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நான் வண்டில ஏறிட்டேங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

"எப்படி? வண்டி எப்படி வந்துச்சு?"

"கம்பத்து நம்பரைச் சொன்னேன்" என்றாள். அதற்குள் யாரோ போனை வாங்கிவிட்டார்கள்.

யாரிடம் சொன்னாள்? எந்த பாஷையில் சொன்னாள்? வேனைத் திருப்பும்போது அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதை ஒதுக்கிவிட்டு, 'அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அவர் போய்ச் சேரும்போது அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே நீளமான நடை, சுவரோரமாகப் பச்சை நாற்காலிகள். கிரீஸ் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு லேடி டாக்டர் வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. நின்று நிதானமாக நாலைந்து வாக்கியம் பேசினார். பிறகு எதையோ கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

பண்டிதர் "சரி" என்றார்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கி, போனைக் காதில் வைப்பது போலக் கையால் காட்டி மறுபடி கேட்டார். பண்டிதர் இன்னும் வேகமாகத் தலையாட்டி, "சரி, சரி, எல்லாம் சரி" என்றார். டாக்டர் போய்விட்டார். போனில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டது பண்டிதருக்கு எங்கே புரிந்தது?

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளே கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அதற்கும் ஒரு "சரி". அவள் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இவர் எழுந்து நின்றார், வணக்கம் வைத்தார், மறுபடி உட்கார்ந்தார். நர்ஸ் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவை விட்டாள்.

அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு மணி நேரம் அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா, பிள்ளை இருக்கிறதா இல்லையா, எதுவும் தெரியாது. நேருக்கு நேர் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள், இவர்தான் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டார். இப்போது ஓடிப்போய் 'நீங்க சொன்னது எனக்குப் புரியல' என்று சொல்லலாம்தான். அதைச் சொல்லக்கூட அந்த பாஷையில் வார்த்தை தெரியவில்லை! மேலே, கீழே, கம்பி, கிரீஸ். அறுபது வார்த்தையையும் துழாவிப் பார்த்தார். வெட்கம் காது மடல்வரை ஏறி எரிந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் அழுதார்.

மனைவியை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மணி மூன்றரை. அதே நர்ஸ் வந்து அவரைத் தோளில் தொட்டு அழைத்துப்போனாள். கட்டிலில் அவள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது.

நர்ஸ் அவளிடம் குனிந்து ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள், அந்த ஊர் பாஷையில். மெதுவாகத்தான் பேசினாள், நடுவில் ஒரு தடவை தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டாள். நர்ஸ் புன்னகையோடு அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

பண்டிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"பொண்ணு பொறந்திருக்கா" என்றாள் மனைவி. "எடை கம்மி. மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டப்படுறாளாம், கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. பொழைச்சுக்குவான்னு சொல்றாங்க."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ… எப்போ கத்துக்கிட்ட?"

"அஞ்சு மாசமாச்சு. நீங்க வேலைக்குப் போனதும் போவேன். முதல் நாளே கம்பத்து நம்பரைத்தான் எழுதிட்டு வரச் சொன்னாங்க. எண்பத்தெட்டு. நம்ம வாசலுக்கு நேரா இருக்கு."

ஏழு வருஷமாக அவர் சைக்கிள் சாத்தி வைக்கிற கம்பம்.

"அப்போ எனக்கு… எனக்குப் பாஷை தெரியாதுன்னு…"

"வந்த மூணாவது வாரமே தெரியும்ங்க. மருந்துக்கடையில அந்த ஆள் என்னமோ கேட்டான், நீங்க சரின்னீங்க, அவன் தலைவலி மாத்திரைக்குப் பதிலா குழந்தைங்க சோப்பைக் கட்டிக் கொடுத்தான். நீங்களும் வாங்கிட்டு வந்தீங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், தையல் வலித்தது.

"அப்புறம் ஏன்டி முதல்ல எனக்குப் போன் பண்ண? நீயே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே! இவ்வளவு ரத்தம் போயிருக்கு. ஏன் கூப்பிடல?"

அவள் போர்வை ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நான் கூப்பிட்டா உங்களுக்குத் தெரிஞ்சிரும்ல. உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருமேன்னுதான். நீங்களே சொல்லிருவீங்கன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன். இருபது நிமிஷம் ஆச்சு. வண்டி வரல. அப்புறம் பயமாயிருச்சு."

இருபது நிமிஷம்! தன் முகம் கறுத்துப்போகக் கூடாது என்பதற்காக, வயிற்றில் பிள்ளையோடு ரத்தத்தில் கிடந்து இருபது நிமிஷம் பொறுத்திருக்கிறாள். பண்டிதரால் அவளை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"அந்த நர்ஸ் இப்ப என்ன கேட்டா?" என்றார், தலையைக் குனிந்தபடி.

"அது ஒண்ணுமில்லீங்க."

"சொல்லு."

"உள்ள வந்து குழந்தையைத் தொட்டுப் பேசச் சொல்லி உங்களைக் கூப்பிட்டாங்களாம். அப்பா குரலைக் கேட்டா மூச்சு சீராகும்னு சொன்னாங்களாம். நீங்க சரின்னுட்டு வரவே இல்லையாம். 'உங்க வீட்டுக்காரருக்குக் குழந்தையைப் பார்க்க இஷ்டமில்லையா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முதல் குழந்தை, பயந்துட்டாருன்னு சொன்னேன்."

இப்போதும் மூடி மறைத்திருக்கிறாள். இந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு, இந்த நிலைமையிலும்! அங்கே பிள்ளை இரண்டு மணி நேரமாக அப்பனுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. அப்பன் கதவுக்கு இந்தப் பக்கம் வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.

"'எனக்குப் புரியல, மெதுவா சொல்லுங்க'ன்னு எப்படிச் சொல்லணும்?"

அவள் சொல்லிக்கொடுத்தாள். நாலே வார்த்தை. அவர் திரும்பச் சொன்னார். அவள் ஒரு இடத்தில் திருத்தினாள். இன்னும் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார்.

நர்ஸ் அவரைப் பார்த்ததும் வேகமாக ஏதோ சொன்னாள். வழக்கம்போல 'சரி' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை மென்று முழுங்கிவிட்டு, அந்த நாலு வார்த்தையைச் சொன்னார். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பார்வை மாறியது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். கை, சோப்பு, முழங்கைவரை. கிரீஸ் போக மூன்று தடவை கழுவினார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை விட்டு, ஒரு விரலால் தொட்டார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பெட்டியின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. தாயின் பெயருக்குக் கீழே வீட்டு விலாசம். எழுத்துக் கூட்டி, அந்த ஊர் பாஷையிலேயே பிள்ளைக்குப் படித்துக் காட்டினார்.

"கிழக்கு… பன்னிரண்டு. கம்பம்… எழுபத்தெட்டு."

"எண்பத்தெட்டு" என்று பின்னாலிருந்து நர்ஸ் திருத்தினாள்.

"எண்பத்தெட்டு" என்றார் பண்டிதர். மறந்துபோகாமலிருக்க இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டார்.