கேபிள் கழன்ற ஏழு நிமிடம்

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை. எங்கள் மீட்புத் துறை ஆண்டு மலர் போடுகிறது. "தகவல் தொடர்பு உயிரைக் காத்த கதையா ஒரு பக்கம் எழுதிக் குடுப்பா. தொழிலாளி எழுதினா மலருக்கே ஒரு களை," என்றார் பொறியாளர். இடிந்த இடத்துக்கு முதலில் போய் ஆன்டெனாக் கம்பத்தை நிறுத்தி, கேபிளை இழுத்துவந்து வயர்லெஸ் பெட்டியில் சொருகுவது என் வேலை.

காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி

(அடித்துவிட்டேன். அன்று ஒரே புழுதி. நீட்டியிருந்தால் இருமியிருப்பான்.)

நான்கு மாடிக் கட்டடம் சரிந்து கிடந்தது. (கட்டடம்தான் நிற்கவில்லை, வரியாவது நிற்கட்டும்.)

2

கம்பத்தை நிறுத்தியதும் எல்லோருக்கும் சோதித்துப் பார்க்க ஆசை. ஏழு குழு, ஒரே அலைவரிசை.

"கேக்குதா?"

"கேக்குது. நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது கேக்குது. தெளிவா கேக்குதா?"

வயர்லெஸ் பெட்டி இருந்த கூடாரத்தில் ஆபரேட்டர் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றினார். அவரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன், வரவில்லை. தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றியவர்.*

* இது மலருக்கு வேண்டாம். பணி நேரத்தில் தேநீர் கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறது.

3

நடுவில் என் மச்சான் குரல். இடிபாட்டைக் குடைந்து ஆள் தேடும் ஐந்தாம் குழுவில் இருக்கிறான்.

"அடியில ஒரு பொம்பளை முனகுறாங்க. மேல கிரேன் தளத்தத் தூக்குது, எல்லாம் சரியுது. நிறுத்தச் சொல்லுங்க!"

"சோதனை முடியலப்பா. உங்க முறை அஞ்சாவது," என்றார் ஆபரேட்டர்.

"அண்ணே, அந்தம்மாவும் அஞ்சாவதா?"

ஆறாம் குழு குறுக்கே புகுந்து "கேக்குதா?" என்றது.

"சார், கிரேனுக்கு முதல்ல சொல்லிடுங்க," என்றேன்.

"வரிசைய மாத்தினா என்னை மாத்திடுவாங்க. மேலதிகாரி கேட்டுட்டிருக்காருய்யா."

கிரேன் இருந்தது மறுபக்கம். சுற்றி ஓடினால் பத்து நிமிடம். கிரேன்காரர் கூடாரத்து உத்தரவுக்கு மட்டும்தான் கட்டுப்பட்டவர். ஆனால் அவருக்கு இன்னொரு விதியும் உண்டு: வயர்லெஸ் செத்தால், அது திரும்ப வரும்வரை எதையும் அசைக்கக் கூடாது. பெட்டி என் முழங்கால் பக்கத்தில் இருந்தது.

4

(மூன்று முறை எழுதிய பகுதி.)

அ. பலத்த காற்றில் கேபிள் கழன்றது. பொறியாளருக்குப் பிடித்தது இதுதான். அன்று காற்றே இல்லை என்பது சின்னக் குறை.

ஆ. ஆபரேட்டர் கால் இடறிக் கழன்றது. விசாரணைக் குழுவுக்குப் பிடித்தது.

இ. நான்

"அதோட நிறுத்துங்க," என்றாள் பின்னால் நின்று படித்த மனைவி. "வேலை போனா சோத்துக்கு என்ன பண்றது? அந்தப் பொம்பளைதான் பிழைச்சு வந்துடுச்சே!"

வந்துவிட்டாள். ஏழு நிமிடம் கிரேனும் நின்றது, "கேக்குதா" கேள்வியும் நின்றது. முனகல் எந்தப் பக்கமென்று மச்சானுக்குப் பிடிபட்டது, இழுத்தெடுத்துவிட்டார்கள்.

"தொடர்பு உயிரைக் காத்தது" என்று மலருக்குத் தலைப்பு வைத்த அதே மேசைதான், "தொடர்பைத் துண்டித்தமைக்கு விளக்கம் தருக" என்று நோட்டீஸும் அடித்தது. நோட்டீஸ் எனக்கு வரவில்லை. கூடாரத்துக்குப் பொறுப்பு ஆபரேட்டராம்.

5

நேற்று அவரைப் பார்த்தேன்.

"எப்படிக் கழண்டுச்சுன்னே தெரியலப்பா. நீ பக்கத்துலதானே இருந்த, ஏதாவது பார்த்தியா?"

புழுதி, சார், என்றேன்.

வாசகரே, மேலே 'இ' பாதியில் கிடக்கிறது. முடித்தால் என் வேலை, முடிக்காவிட்டால் அவர் வேலை. மிச்சத்தை நீங்கள் எழுதினால் அது உங்கள் கையெழுத்து. என்னை யாரும் பிடிக்க முடியாது. இடம் விட்டிருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம். விசாரணை திங்கட்கிழமை.

நான் ........................................